வாய்க்காலில் நீர் காணப்பட்டமை தொடர்பாக

நான் தண்ணீர் கேட்கப் போனேன். அவர்கள் என் போனைக் கேட்டார்கள்.

எனக்கு மூன்று ஏக்கர். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டானுக்குப் போகிற வழியில், குளத்துக்குக் கீழே, இரண்டாம் வாய்க்காலில் கிடக்கிறது. சிறுபோகம், கோடைப் பயிர். முன்மழையில் வளர்ந்த பயிர் குடலையில் நின்றது. கதிர் வெளியே வரப் பத்து நாள் இருந்தது. அதற்குள் ஒரு தண்ணீர் பாய்ந்தால் நெல், பாயாவிட்டால் பதர். இதை அறிய யாரும் பள்ளிக்கூடம் போகத் தேவையில்லை.

குளத்தில் தண்ணீர் இல்லையோ என்று கேட்பீர்கள். இருந்தது. குளக்கட்டில் ஏறி நின்றால் கண் கூசும் அளவுக்கு இருந்தது. நீர்க்காகங்கள் முழுகி முழுகி மீன் தின்றன. கீழே என் வயல் வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் கால்விரலை விட்டுப் பார்த்தேன், முழு விரலும் போனது.

துருசை, குளத்து மதகை, திறக்கிறவர் பரமலிங்கம். இருபத்திரண்டு வருடமாக அதன் இரும்புச் சில்லைச் சுற்றுகிறார். போன போகம் வரைக்கும் "பரமலிங்கம், இண்டைக்கு என்ர முறை" என்று சொன்னால் போதும், தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு வந்து திறப்பார். இந்த முறை கையை விரித்தார்.

"அண்ணை, எனக்கு ஓடர் வந்தாத்தான் துருசில கை வைக்கலாம். இப்ப எல்லாம் போனிலதானாம். கந்தோரில போய்க் கேளுங்கோ."

கந்தோரின் பெயர் ஒருங்கிணைந்த நீர்முறை முகாமைத்துவ அலுவலகம். பெயரைப் போலவே கட்டிடமும் நீளம். வாசலில் ஒரு பெரிய பலகை. அதில் ஒரு நீலத் தண்ணீர்த் துளிக்குக் கண், மூக்கு, சிரிப்பு எல்லாம் கீறி, தலையில் ஒரு தொப்பியும் வைத்திருந்தார்கள். கீழே 'நீர்த்தோழன்' என்று எழுதியிருந்தது. அறுபது வருடமாகக் கமம் செய்கிறேன். தொப்பி போட்ட தண்ணீரை அன்றுதான் கண்டேன்.

உள்ளே சிவதர்சினி என்ற உத்தியோகத்தர் இருந்தா. இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். கெட்ட பிள்ளை இல்லை. கதிரை தந்தா, இருக்கச் சொன்னா. பிறகு கேட்டா:

"ஐயா நீர்த்தோழனை நிறுவிட்டீங்களோ?"

"எனக்குத் தோழன் ஒருத்தரும் வேண்டாம் பிள்ளை. ரெண்டாம் வாய்க்காலத் திறந்துவிட்டாக் காணும்."

"நிறுவினாத்தான் ஐயா தண்ணிக்குக் கோரிக்கை வைக்கலாம்."

"அது எங்க விக்குது?"

"விக்கிறேல்லை ஐயா. இது மற்ற ஆப்புகள் மாதிரி இல்லை. இணையச் செயலி. இறக்கத் தேவையில்லை."

"தேவையில்லையெண்டா நல்லது. அப்ப நான் வயலுக்குப் போறன்."

"நில்லுங்கோ ஐயா. இறக்கத் தேவையில்லை. ஆனா நிறுவோணும்."

"எங்கயிருந்து எடுத்து நிறுவிறது?"

"ஒரு இடத்திலயிருந்தும் எடுக்கிறேல்லை. அது இருக்கிற இடத்திலதான் இருக்கும். நீங்கள் அதின்ர படத்தை உங்கட போனின்ர முகப்பில சேர்க்கோணும்."

ஒரு விலாசம் சொன்னா. நான் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினேன். திறந்தது. தொப்பி போட்ட துளி வந்து சிரித்தது. அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்டது, கொடுத்தேன். என் பெயர் தவராசா என்று வந்தது, காணி இலக்கம் வந்தது, இரண்டாம் வாய்க்கால் என்று வந்தது. அதற்குக் கீழே 'தண்ணீர் கோருக' என்று ஒரு பச்சைப் பொத்தான். எனக்கு அந்தத் துளியின் மேல் கொஞ்சம் மரியாதைகூட வந்தது.

"இந்தா எல்லாம் கிடக்கு பிள்ளை. பொத்தானை அமத்தட்டோ?"

"ஐயோ, அமத்தாதேங்கோ! நீங்கள் இன்னும் நிறுவேல்லை."

"நிறுவினா வேற என்ன வரும்?"

அந்தப் பிள்ளை கொஞ்சம் யோசித்தா.

"இதேதான் ஐயா வரும்."

பிறகு ஒரு சுற்றறிக்கையை எடுத்து வாசித்தா. முகப்பில் நிறுவாமல் அனுப்பப்படும் கோரிக்கைகள் அக்கறையற்ற கோரிக்கைகளாகக் கருதப்பட்டு நிராகரிக்கப்படும் என்று அதில் இருந்தது. வெடித்த வயலை விட்டுவிட்டுப் பதினொரு கிலோமீற்றர் சைக்கிள் மிதித்து வந்தவனுக்கு அக்கறை போதாது. போனின் முகத்தில் துளி சிரித்தால்தான் அக்கறை.

கையில் ஒரு புத்தகம் தந்தா. வழவழத்த கடதாசி, பன்னிரண்டு பக்கம். பத்துப் பக்கத்தில் அதிகாரிகளின் படமும் வாழ்த்துச் செய்தியும். பதினோராம் பக்கத்தில் 'இரண்டே படிகள்' என்று தலைப்பு. முதற்படி: மூன்று புள்ளிகளை அழுத்தவும். இரண்டாம் படி: 'முகப்புத் திரையில் சேர்' என்பதை அழுத்தவும். பன்னிரண்டாம் பக்கம் வெறுமை. அதுதான் எனக்கு விளங்கிய பக்கம்.

என் போன் பிரான்சிலிருந்து மகள் கொண்டுவந்தது. அவள் பாவித்துவிட்டுத் தந்தது. அதில் எல்லாம் பிரெஞ்சில் கிடக்கும். எனக்கு அது இடைஞ்சலாக இருந்ததில்லை. மகளின் முகத்தை அமத்தினால் மகள் கதைப்பாள். அதற்குமேல் ஒரு போனிடம் நான் எதிர்பார்த்ததும் இல்லை.

வீட்டுக்கு வந்து மூன்று புள்ளியைத் தேடினேன். மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன், கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். இல்லை. என் மனுசி நேசமலர் போனை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, பின்னால கிடக்கு."

பின்னால் மூன்று புள்ளி இருந்தது உண்மை. படம் பிடிக்கிற கண்கள். அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. அவளும் அழுத்தினாள். மூன்றையும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டுமாக்கும் என்று மூன்று விரலாலும் அழுத்தினோம்.

மகளுக்கு எடுத்தேன். அங்கே அவள் வேலைக்குப் போகிற நேரம்.

"அப்பா, உங்கட போனில மூண்டு புள்ளி வராது. அது மற்றப் போனுகளுக்கு. உங்களுக்குக் கீழ ஒரு சதுரப் பெட்டி, அதுக்குள்ளயிருந்து மேல ஒரு அம்பு. அதை அமத்துங்கோ."

"பெட்டியும் இல்லை அம்பும் இல்லை. உன்ர முகம்தான் கிடக்கு."

"என்னை விட்டிட்டுப் போய்ப் பாருங்கோ அப்பா."

விட்டேன். மகள் போய்விட்டாள். பெட்டி இருந்தது. அமத்தினேன். பிரெஞ்சில் முப்பது வரி வந்தது. எதை அமத்துவது என்று கேட்கத் திரும்ப மகளுக்கு எடுத்தேன். முப்பது வரியும் போய்விட்டது. மகள் இருக்கும்போது வரி இல்லை. வரி இருக்கும்போது மகள் இல்லை. ஆறு தரம் இப்படி. ஏழாம் தரம் அவள் அந்தப் பிரெஞ்சு வசனத்தைச் சொல்லச் சொல்ல, நேசமலர் கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் தமிழில் எழுதினாள். 'சூர் லெக்ரோன் தக்கேய்.' எழுதியது சரி. அங்கே பிரெஞ்சு எழுத்தில் கிடப்பதில் எது தக்கேய் என்று யாருக்குத் தெரியும்? முப்பது வரியையும் மேலிருந்து ஒவ்வொன்றாக அமத்தினேன். அந்தப் பக்கத்தை யார் யாருக்கோ அனுப்பினேன். பிரான்சிலிருக்கும் சம்பந்திக்கு நான்கு தரம் போயிருக்கிறது. பதினேழாம் வரியில் துளி வந்து குந்தியது.

அன்றைக்குக் கதிர் வர ஒன்பது நாள் மிச்சம்.

ஒரு நாள் விட்டு, பொதுநோக்கு மண்டபத்தில் 'முகப்பு உறுதிப்படுத்தல்' வைத்தார்கள். கந்தோரில் பச்சைப் பொத்தானை அமத்தலாம் என்று அனுமதி எடுக்க, அந்தப் பரிசோதனையில் தேற வேண்டும். குளத்தின் கீழுள்ள நூற்றுப் பதினான்கு கமக்காரரும் போனை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றோம். முன்னொரு காலத்தில் சோதனைச்சாவடிகளில் அடையாள அட்டையை இப்படிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறோம். கை பழகிய பழக்கம்தான்.

என் முறை வந்தது. சிவதர்சினி எட்டிப் பார்த்தா.

"ஐயா, துளி இல்லையே."

விரலால் தள்ளிக் காட்டினேன். மகள் போட்டுவைத்த சாமான்களால் முதற்பக்கம் நிறைந்திருந்தது. துளி இரண்டாம் பக்கத்தில் இருந்தது.

"முகப்பு எண்டா முதற்பக்கம்தான் ஐயா. இது செல்லாது."

"அப்ப நீர் ஒருக்கா இழுத்து விடும் பிள்ளை."

"எங்களுக்குப் பொதுமக்களின்ர போனைத் தொட அனுமதியில்லை ஐயா. தனியுரிமை."

"தொடாமல் எப்பிடிப் படிப்பிக்கிறது?"

"வாயால சொல்லுவன். துளியில விரலை வைச்சு அப்பிடியே அமத்திக்கொண்டு இருங்கோ. எல்லாம் நடுங்கும். பயப்பிடாதேங்கோ. பிறகு இழுங்கோ."

வைத்தேன். எல்லாம் நடுங்கின. என் விரலும் நடுங்கியது. இழுத்தேன். துளி போய் இன்னொரு படத்தின் மேல் ஏறியது. இரண்டும் சேர்ந்து ஒரு சின்னப் பெட்டிக்குள் அடைபட்டன.

"பெட்டிக்குள்ள இருந்தாலும் செல்லாது ஐயா. சுற்றறிக்கை ஆறு."

எனக்குப் பின்னால் நின்றவன் ராஜரத்தினம். என் பக்கத்து வயல்காரன். மலைநாட்டிலிருந்து சின்னப் பெடியனாக இங்கே வந்து, காடு வெட்டிக் கமக்காரன் ஆனவன். என்னைவிட ஒரு கிழமை பிந்தி விதைத்தவன். அவன் போனைத் தூக்கிப் பிடித்தான். முகம் முழுக்க ஒரே துளி. தொப்பி மேல் விளிம்பில் முட்டியது, சிரிப்புக் கீழ் விளிம்பில் முட்டியது.

சிவதர்சினிக்கு முகம் மலர்ந்தது. பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினா.

"இப்பிடித்தான் இருக்கோணும். தூரத்திலயே தெரியுது. எல்லாரும் இவரைப் பாருங்கோ."

பச்சைச் சரி போட்டார்கள். வெளியே வந்ததும் அவனை மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"எப்பிடியடா நிறுவினனி?"

"என்னாண்ணே பெரிய வேல! வாசல்ல இருந்த பலகைய போட்டோ புடிச்சேன். முந்தி முருகன் படம் வச்சிருந்தேன்ல, அந்த எடத்துல இத வச்சேன்."

"அப்ப அதை அமத்தினா?"

அமத்தினான். துளி சிரித்தது. திரும்பவும் அமத்தினான். சாமி படத்தை அமத்தினால் எப்படியோ, அப்படியே இருந்தது.

"சாமி கும்புட்டா ஒடனே வருதாண்ணே? இதுவும் அப்புடித்தான். வரும்."

ஆக, அமத்தினால் வேலை செய்கிற துளி என்னிடம் இருந்தது, அது செல்லாது. அவனுடைய துளி செல்லும், அது வேலை செய்யாது. கந்தோருக்கு அவன் நிறுவியவன், நான் நிறுவாதவன்.

அடுத்த நாள் பார்த்தால் மாங்குளம் சந்தியில் இருந்த கொமினிக்கேசன் கடைக்காரன் வெளியே பலகை போட்டுவிட்டான்: 'நீர்த்தோழன் முகப்பு உடன் போட்டுத் தரப்படும்.' பிள்ளையாரும் அம்மனும் கல்யாணப் படங்களும் இருந்த போன்களெல்லாம் ஒரே நாளில் தொப்பிக்கு மாறின. நான் மாட்டேன் என்று நின்றேன்.

"பொய்யைக் காட்டித் தண்ணி கேக்க ஏலாது" என்றேன்.

"மெய்யைக் காட்டினீங்கள், தந்தவையோ?" என்றாள் நேசமலர். "போய் வயலைப் பாருங்கோ. தாள் சுருளுது. உங்கட மெய்யைக் கொண்டுபோய் வாய்க்காலில ஊத்துங்கோ, பாயுதோ பாப்பம்."

அவளே போனைப் பறித்துக்கொண்டு பஸ் ஏறினாள். வரும்போது என் போனிலும் துளி. ஆனால் துளியின் முகத்துக்கு மேலே மகளின் சாமான்கள் எல்லாம் சொறி போட்டதுபோல் கிடந்தன. கொண்டுபோய்க் காட்டினேன். சிவதர்சினி கனநேரம் பார்த்தா.

"கண்ணொண்டு மறைஞ்சிருக்கு. பரவாயில்லை, தொப்பி தெரியுதுதானே" என்று பச்சைச் சரி போட்டா.

நான் அந்த இடத்திலேயே இரண்டாம் பக்கத்துக்குப் போய், பெட்டியைத் திறந்து, செல்லாத துளியைத் தட்டி, பச்சைப் பொத்தானை அமத்தினேன். 'உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது. நீர் திறப்பதற்கான கட்டளை உரிய உத்தியோகத்தரின் நீர்த்தோழனுக்கு அனுப்பப்பட்டது' என்று வந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கியது. சைக்கிளை நேரே துருசுக்கு விட்டேன்.

"பரமலிங்கம், ஓடர் வந்திட்டுது. திற."

பரமலிங்கம் மடியிலிருந்து போனை எடுத்தார். பட்டன் போன். றப்பர் பான்ட் போட்டுக் கட்டியிருந்தது.

"இதில நீர்த்தோழன் ஏறாது அண்ணை. எனக்குப் புதுப் போன் தரவெண்டு எழுதியிருக்கினமாம். போன் வாங்கக் கேள்விகோரல் நடக்குதாம். மாசி மாசத்திலயிருந்து நடக்குது."

"அப்ப இவ்வளவு நாளும் ஓடர் எங்க போனது?"

"எனக்குத் தெரியாது அண்ணை. எனக்கு வரேல்லை. நான் திறக்கேல்லை. அவ்வளவுதான்."

திரும்பவும் கந்தோர். திரும்பவும் சிவதர்சினி.

"ஓடர் போயிட்டுது ஐயா. இந்தா பாருங்கோ, பச்சை விழுந்திருக்கு. உங்கட வயலுக்குத் தண்ணி குடுத்தாச்சு."

"வயலில தண்ணி இல்லைப் பிள்ளை."

"எங்கட பக்கத்தில வந்திட்டுது ஐயா" என்று சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளை மேசையைப் பார்த்தா. பிறகு மெதுவாக, "திங்கக்கிழமை பணிப்பாளர் வாறார். அவரிட்டக் கேளுங்கோ. என்னட்டைச் சொல்லி என்ன பிரயோசனம்? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பச்சையும் சிவப்பும்தான்" என்றா.

திங்கட்கிழமை, கதிர் வர மூன்று நாள் இருந்தபோது, எங்கள் கிராமம் 'நூறு வீதம் நிறுவிய முதற் கிராமம்' என்று பிரகடனம் செய்யப்பட்டது. மண்டபத்துக்கு வாழை கட்டினார்கள். பாடசாலைப் பிள்ளைகளுக்கு நீலச் சட்டையும் கடதாசித் தொப்பியும் போட்டு 'வருக வருக நீர்த்தோழா' என்று ஆட விட்டார்கள். பணிப்பாளர் கதிர்காமநாதன் வெள்ளை வாகனத்தில் வந்து இறங்கினார். வாட்டசாட்டமான மனிதர். மைக்கைப் பிடித்தார்.

"அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே! முன்னைய காலத்தில் நீங்கள் தண்ணீருக்காக வாய்க்கால் கரையில் வெயிலில் காத்திருந்தீர்கள். இன்று விஞ்ஞானம் உங்களை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது? இன்று நீங்கள் வீட்டில் இருந்தபடியே காத்திருக்கலாம்!"

கை தட்டினார்கள். அவருக்கு இன்னும் உசார் வந்தது.

"இந்தக் குளத்தின் கீழ் நூற்றுப் பதினான்கு பேர். நூற்றுப் பதினான்கு பேரும் நிறுவியிருக்கிறார்கள். நிறுவியவர்கள் அனைவரும் பயன்பெற்றவர்கள் என்பது திட்டத்தின் வரைவிலக்கணம். ஆகவே நூற்றுப் பதினான்கு வயல்களுக்கும் தண்ணீர் சென்று சேர்ந்திருக்கிறது. இதிலே இன்னொரு சாதனையைச் சொல்ல வேண்டும். இவ்வளவு வயல்களுக்கும் தண்ணீர் வழங்கிய பின்னரும் குளத்தின் நீர்மட்டம் ஒரு அங்குலம்கூடக் குறையவில்லை! இதுதான் வினைத்திறன்!"

நான் எழும்பினேன். நேசமலர் சால்வையைப் பிடித்து இழுத்தாள். எழும்பிவிட்டேன்.

"ஐயா, என்ர வயலுக்குத் தண்ணி வரேல்லை."

 பணிப்பாளர் கோபப்படவில்லை. என்னைப் பார்த்துப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சிரித்தார்.

"பெரியவர், தண்ணி வாறது வயலில நடக்கிற விசயம். தண்ணி வழங்கிறது கந்தோரில நடக்கிற விசயம். இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிறதாலதான் எங்கட சமூகம் முன்னேறாமல் கிடக்கு."

அதற்கும் கை தட்டினார்கள். பிறகு செயல்முறைக் காட்சி. சிறந்த முகப்பு என்று ராஜரத்தினத்தை மேடைக்கு அழைத்தார்கள். பணிப்பாளர் அவனுடைய போனை வாங்கிச் சனத்துக்கு உயர்த்திக் காட்டிவிட்டு, துளியின் மூக்கில் தட்டினார். பேசாமல் இருந்தது. கண்ணில் தட்டினார். தொப்பியில் தட்டினார். விரலை வேட்டியில் துடைத்துவிட்டுத் தட்டினார். ராஜரத்தினம் பவ்வியமாக நின்றான். எங்கள் நூற்றுப் பதின்மூன்று பேருக்கும் காரணம் தெரியும், ஒருவரும் மூச்சு விடவில்லை.

"இவ்விடத்தில் கவரேஜ் குறைவு" என்று பணிப்பாளர் மைக்கில் சொன்னார். "ஆனால் முகப்பு நிறைவு!"

எல்லோருக்கும் தின்னப் பற்றிசும் குடிக்கச் சோடாவும் கொடுத்தார்கள். என்னுடையதை நான் தொடவில்லை.

அடுத்த நாள் காலை வெயில் ஏறியபிறகு மண்வெட்டியோடு துருசுக்குப் போனேன். மறைந்து போகவில்லை. றோட்டால்தான் போனேன். கண்டவர்களுக்கு 'தண்ணி திறக்கப் போறன்' என்று சொல்லிக்கொண்டே போனேன். ராஜரத்தினமும் பின்னால் வந்தான். பரமலிங்கம் சில்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"பரமலிங்கம், நான் திறக்கப் போறன். நீ தடுக்கிறதெண்டாத் தடு."

அவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். சில்லைப் பார்த்தார். எழும்பிச் சாரத்தைத் தட்டினார்.

"நான் இன்னும் பல்லு மினுக்கேல்லை அண்ணை. போய் மினுக்கிப்போட்டு வர ஒரு மணித்தியாலம் செல்லும். சில்லு இறுக்கம், இடப்பக்கம் சுத்துங்கோ. வலப்பக்கம் சுத்தி உடைச்சுப் போடாதேங்கோ."

சுற்றினோம். தண்ணீர் முதலில் நாலு முழம் நுரையாக வந்தது. பிறகு மண்ணிறமாக வந்தது. பிறகு தெளிந்து ஓடியது. நான் வாய்க்காலோடு சேர்ந்து ஓடினேன், எழுபத்தொரு வயதில். வெடிப்புகள் தண்ணீரைக் குடித்த சத்தம் கேட்டது. ஒரு மணித்தியாலத்தில் என் மூன்று ஏக்கரில் பள்ளப்பக்கம் ஒன்றரை ஏக்கர் நனைந்தது. மேட்டுப்பக்கத்துக்கு ஏறவில்லை. ராஜரத்தினத்தின் வயலுக்குப் போய்ச் சேரவே இல்லை. அதற்குள் பரமலிங்கம் பல்லு மினுக்கிவிட்டு வந்துவிட்டார், துருசு மூடப்பட்டது. அந்த மனிதனுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது.

மூன்றாம் நாள் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கந்தோர் பியோன். கையில் கடிதம். தண்ணீர் கேட்டால் கடதாசி இல்லை, எல்லாம் போனில்தான் என்ற அதே கந்தோர், தட்டெழுதி, முத்திரை குத்தி, மூன்று பிரதி அனுப்பியிருந்தது. தலைப்பு: 'இரண்டாம் இலக்க வாய்க்காலில் நீர் காணப்பட்டமை தொடர்பாக.' கள உத்தியோகத்தர் ஒருவர் அந்த வழியால் போனபோது வாய்க்காலில் தண்ணீர் ஓடியது அசாதாரணமாக இருந்ததாகவும், அது களவாக இருக்கலாம் என்று சந்தேகிக்கப்படுவதாகவும், நான் விசாரணைக்குச் சமுகமளிக்க வேண்டும் என்றும், களவு நிரூபிக்கப்பட்டால் வருகிற மாரிக் காலபோகத்துக்கு என் நீர்முறை நிறுத்தப்படும் என்றும் எழுதியிருந்தது.

விசாரணைக்குப் போகும் வழியில் வயலைப் பார்த்தேன். பள்ளப்பக்கம் கதிர் தள்ளியிருந்தது. மேட்டுப்பக்கத்தில் ஒரு கதிரை இழுத்து நசித்துப் பார்த்தேன். பால் இல்லை. வெறும் கோது. ஒன்றரை ஏக்கர் போனது போனதுதான்.

விசாரணையில் பணிப்பாளரும் சிவதர்சினியும் இருந்தார்கள். பணிப்பாளர் முதலில் கணினியைப் பார்த்தார்.

"பெரியவர், இதில உங்கட வயலுக்கு இந்தப் போகத்தில மூண்டு தரம் தண்ணி பாய்ஞ்சிருக்கு. பிறகு ஏன் களவெடுத்தனீங்கள்?"

"ஒருதரமும் பாயேல்லை ஐயா. அதாலதான் எடுத்தனான்."

"பாயேல்லை எண்டு நீங்கள் சொல்லுறீங்கள். பாய்ஞ்சது எண்டு இது சொல்லுது. இதுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

"எனக்கும் தெரியாது."

அவர் கதிரையில் சாய்ந்தார். குரலைத் தாழ்த்தினார். "உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன். களவெண்டு எழுதினா, வழங்கின தண்ணி கிடைக்கேல்லை எண்டு அர்த்தம் வந்திடும். நூறு வீதம் போயிடும். அடுத்த மாசம் கொழும்பில எங்களுக்கு விருது. அதனால, மூண்டு தரமும் தண்ணி கிடைச்சது எண்டு இதில ஒரு கையெழுத்து வையுங்கோ. பிரச்சினை முடிஞ்சுது. காலபோக முறையும் இருக்கும்."

வரும்போது நேசமலர் சொல்லித்தான் விட்டவள்: "எதைத் தந்தாலும் கையெழுத்தை வைச்சிட்டு வாங்கோ, வாயைத் திறக்காதேங்கோ." நான் பேனையைக் கையில் எடுத்தேன். கடதாசியைப் பார்த்தேன். 'திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்' என்று இருந்தது. பேனையை வைத்துவிட்டேன்.

"களவெடுத்தது எண்டு எழுதுங்கோ ஐயா. நான் திறந்தனான். பகலில, பத்துப் பேர் பாக்கத் திறந்தனான். அது ஒண்டுதான் இந்தப் போகத்தில இந்தக் குளத்தில நடந்த உண்மை. அதை எழுதுங்கோ."

பணிப்பாளர் சிவதர்சினியைப் பார்த்தார். சிவதர்சினி கணினியில் மேலே போனா, கீழே வந்தா, இன்னொரு பக்கம் திறந்து பார்த்தா.

"சேர், களவெண்டு பதிய இதில இடமில்லை."

"மற்றவை எண்டு போட்டுப் பாரும்."

"மற்றவைக்குள்ள திருப்தி, மிகுந்த திருப்தி, ரெண்டும்தான் சேர் இருக்கு."

பணிப்பாளர் எழுந்து யன்னலடிக்குப் போய் வந்தார். முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது.

"பதிய இடமில்லையெண்டா அப்பிடியொண்டு நடக்கவே இல்லை. பெரியவர் வயது போனவர். தண்ணி ஓடினதாக அவருக்கு ஒரு எண்ணம். கள உத்தியோகத்தருக்கும் வெயில். கோவையை மூடும். நீங்கள் போகலாம் ஐயா."

"நான் கள்ளன் ஐயா" என்றேன்.

"இல்லை" என்றார் உறுதியாக.

சிவதர்சினி தலையைக் குனிந்து, எதையோ ஒன்றை அமத்தினா. என் போன் மடிக்குள் டிங் என்றது. நான் எடுத்துப் பார்க்கவில்லை.

வெளியே ராஜரத்தினம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் வெளிறியிருந்தது. அவனுடைய பயிர் இன்னும் குடலையில்தான் நின்றது. அவனுக்கு இன்னும் நாலைந்து நாள் இருந்தது.

"என்னாண்ணே ஆச்சு? கேஸா?"

"களவெடுத்தனான் எண்டு ஒத்துக்கொண்டன். நம்ப மாட்டினமாம்."

"நெசமாவா? மறுபடி தொறந்தா?"

"நூறு தரம் திறந்தாலும் நம்ப மாட்டினம்."

அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் சிரிக்கவில்லை. சிரிக்க என்ன இருக்கிறது, ஒன்றரை ஏக்கர் கோதாகக் கிடக்கிறது.

"நாளைக்கு உன்ர வயல்" என்றேன். "காலமை ஏழு மணிக்குத் துருசுக்கு வா. மண்வெட்டியைக் கொண்டா. போனை வீட்டில வைச்சிட்டு வா."